கிணற்றில் இறக்கிய பால்

சந்தேகப்பட எங்கள் வீட்டில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பால்காரர் படியேறினால் அம்மா ஒரு சொட்டை நகத்தின்மேல் விட்டு, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தை நீட்டுவாள். பேருந்து எங்கே போகிறது என்று நடத்துநர் சொன்ன பிறகும் அப்பா ஓட்டுநரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வார். இவர்கள் இருவரையும் தூக்கிச் சாப்பிடக்கூடியவர் மாமி, அதாவது அப்பாவின் அக்கா. குன்னத்துகாலில் எங்கள் தோட்டத்துக்கு அடுத்த விளையில்தான் மாமியின் வீடு. அங்கிருந்தபடியே எங்கள் அடுக்களைப் புகையைப் பார்த்து, இன்று என்ன குழம்பு, அதை யார் வைக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லிவிடுவார். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். மாமியின் சுபாவம் அப்படியே எனக்கு வந்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் எங்கள் எல்லோருடைய சந்தேகத்துக்கும் ஒரே ஆள் கிடைத்தாள். அவள் என் சித்தி.

சித்தப்பா பனச்சமூட்டிலிருந்து ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். எப்படியோ பொழியூர்க் கடற்கரையில் ஒரு பெண்ணைப் பார்த்து, யாரிடமும் கேட்காமல் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெண் வீட்டார் கடலில் வலை இழுக்கிறவர்கள், கத்தோலிக்கர்கள். நாங்களோ பழைய மிஷன் சபைக்காரர்கள். அதிலும் பாட்டா, அதாவது அப்பாவின் அப்பா, ஓய்வுபெற்ற உபதேசியார். ஊரில் யாருக்கு நோய் வந்தாலும் சாவு வந்தாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பாட்டுப் பாடி ஜெபம் செய்தவர். அவர் சண்டை போடவில்லை, சித்தியை வீட்டைவிட்டுப் போகவும் சொல்லவில்லை. அவள் பரிமாற வந்தால் மட்டும் 'வயிறு சரியில்லை' என்பார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா பரிமாறினால் சாப்பிடுவார். கடற்கரைக்காரி கையால் அவர் தின்ன மாட்டார் என்பது இப்படியே எல்லோருக்கும் புரிந்துபோனது.

சித்தப்பா எப்படி மயங்கினார் என்பதற்கு மாமியிடம் பதில் தயாராக இருந்தது.

"கைவிஷமாக்கும். இல்லேன்னா நம்ம வீட்டுப் பிள்ளை இப்படிப் போவானா?"

கைவிஷம் என்றால் ஆளைக் கொல்லுகிற விஷம் இல்லை. ஒருவரைத் தன் வசமாக்குவதற்காகச் சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுப்பது. தின்றவர் அதன் பிறகு கொடுத்தவர் பின்னாலேயே சுற்றுவார், கொடுத்தவர் சொல்லுக்கு மறுசொல் சொல்ல மாட்டார். உபதேசியார் வீட்டில் இதையெல்லாம் நம்பக்கூடாது. பாட்டாவே பிரசங்கத்தில் மந்திரம், தந்திரம், கைவிஷம் எல்லாவற்றையும் வரிசையாகத் திட்டியிருக்கிறார். அதனால் நாங்கள் மெதுவான குரலில் நம்பினோம்.

அடுத்த வருஷம் ஈஸ்டருக்குப் பிறகு பாட்டாவின் தொண்டையில் மீன்முள் குத்தியது. வெறும் சோற்றை உருட்டி விழுங்கினார், பழம் விழுங்கினார். முள் போய்விட்டது, ஆனால் குத்தின இடம் ஆறவில்லை என்று சொல்லி அன்றோடு மீனை நிறுத்திவிட்டார். கஞ்சி மட்டும் போதும் என்றார். மீன் இல்லாமல் ஒரு நேரம்கூடச் சாப்பிட்டறியாத மனிதர் அவர். ஆனால் அதில் பெரிய நஷ்டம் எனக்குத்தான். நான் சாப்பிட உட்கார்ந்தால் பாட்டாவின் கை என் தட்டுக்கு வரும். மீனைப் பிரித்து, முள்ளையெல்லாம் தன் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி, சதையை என் சோற்றின்மேல் வைப்பார். அம்மா 'அவளுக்குக் கையில்லியா?' என்று கேட்பாள். எனக்குக் கை இருந்தது, ஆனால் பாட்டாவின் கை வைத்த மீனுக்குத்தான் ருசி. ஈஸ்டருக்குப் பிறகு நானே முள் எடுத்துத் தின்ன வேண்டியதாயிற்று. பாட்டாவை யாரோ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது.

ஆனி மழை பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை. சித்தியின் தம்பி முதல் பேருந்தில் வந்து பனையோலைப் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு அவசரமாகப் போனான். உள்ளே ஒரு நீளமான ஊளி மீன் இருந்தது. வாயைத் திறந்து பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்த அதைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. அது போகட்டும். கொஞ்ச நேரத்தில் சித்தி அடுக்களையிலிருந்து ஒரு செம்போடு வெளியே வந்தாள். செம்பின் வாயைத் துணியால் கட்டியிருந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு செம்பின் கழுத்தில் கயிறு கட்டி மெல்லக் கிணற்றுக்குள் இறக்கினாள். தண்ணீரைத் தொட்டதும் கயிற்றைத் தூணில் முடிந்துவிட்டுப் போய்விட்டாள். நான் பலாமரத்துக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அவள் உள்ளே போனதும் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். செம்பு நிறையப் பால்.

கிணற்றுக்குள் பாலை இறக்குகிற மனுஷியை யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்? நான் மாமி வீட்டுக்கு ஓடினேன். மாமி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு என்னுடன் வந்தார். இருவரும் விறகு அடுக்கிய பக்கத்து ஜன்னல் வழியாக அடுக்களைக்குள் பார்த்தோம்.

சித்தி மீனை முள்ளோடு வெட்டவில்லை. முதுகை ஒட்டிப் பிளந்து, தோலைக் கீழே வைத்து, சதையைக் கரண்டியால் சுரண்டி எடுத்தாள். வெள்ளைச் சதை கரண்டியில் வந்துகொண்டே இருந்தது. விரலால் தடவித் தடவி ஒவ்வொரு முள்ளாகப் பொறுக்கினாள். பிறகு ஆட்டுக்கல்லில் போட்டு உப்பு மட்டும் சேர்த்து ஆட்டினாள். மிளகாய் இல்லை, மஞ்சள் இல்லை, புளி இல்லை. எங்கள் ஊரில் மிளகாய் போடாத மீனைப் பூனைக்குத்தான் வைப்பார்கள். ஆட்ட ஆட்ட மீன் பசைபோல் கையில் ஒட்டியது. அப்போது கிணற்றுப்பால் வந்தது. குளிர்ந்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஆட்டினாள். மாமி என் தோளைப் பிடித்து நசுக்கினார். மீனும் பாலும் ஒரே வயிற்றுக்குள் போனால் உடம்பில் வெள்ளை பாயும், தோல் திட்டுத் திட்டாக வெளுக்கும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். மீன் தின்ற அன்று எனக்குப் பால் தரவே மாட்டார்கள். இவளோ இரண்டையும் ஒரே கல்லில் ஆட்டுகிறாள்.

அதோடு விட்டாளா? கூவைக்கிழங்கு மாவைத் தூவினாள். கடைசியாக ஒரு ஜாதிக்காயை எடுத்துக் கல்லில் இழைத்து அந்த விழுதையும் வழித்துப் போட்டாள். ஜாதிக்காய் எதற்கு என்று எங்களுக்குத் தெரியாதா? அழுகிற குழந்தையைத் தூங்கவைக்கத்தானே அதை இழைத்து நாக்கில் தடவுவார்கள்.

மாமி அதற்குமேல் தாங்கவில்லை. வாசல் வழியாகவே உள்ளே போய்விட்டார்.

"என்னத்த செய்யுதா நீ?"

சித்தி திடுக்கிட்டாலும் சிரித்தாள். "மீன் கேக்காக்கும் மைனி. நார்வேக்காரங்க தின்னுதது. கொல்லம் பக்கம் அவங்க வந்து எஞ்சின் வள்ளம் கட்டப் படிப்பிச்ச காலத்துல எங்கப்பாதான் அவங்களுக்குச் சோறு வச்சது. அப்பாகிட்ட இருந்து நான் படிச்சேன்."

"மீன்ல பாலா? வெள்ளை வந்துராதா?"

"அந்த சாயிப்புமாரு தினமும் தின்னாங்க மைனி. ஒருத்தருக்கும் வெள்ளை வரல்லியே."

"அவனுக பொறந்ததே வெள்ளையாக்கும். வந்தா எப்படித் தெரியும்?"

எனக்கு மாமி ஜெயித்துவிட்டதாகவே பட்டது. சித்தி ஈரக் கரண்டியால் விழுதை அள்ளி உள்ளங்கையில் தட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் போட்டு மெல்லிய தீயில் ஒவ்வொன்றாக வைத்தாள். அவை லேசாக உப்பி, ஓரம் மட்டும் பொன்னிறமாயின. வாசனை நன்றாக இருந்தது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை, நன்றாக இருப்பது ஒருவேளை ஏமாற்றத்தானோ என்று நினைத்தேன்.

முதலில் வெந்ததை மாமி எடுத்துத் தன் பூனைக்குப் போட்டார். அது எங்கள் வீட்டுக்கும் மாமி வீட்டுக்கும் நடுவே திரிகிற மஞ்சள் பூனை. ஆனால் உரிமை மாமிக்கு. பூனை தின்றது, வாயை நக்கியது, விறகின்மேல் ஏறிப் படுத்துச் சாயங்காலம்வரை தூங்கியது. பூனை எப்போதும் செய்கிற வேலைதான் அது என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் அது சித்தியின் காலைச் சுற்றிச் சுற்றி வந்தபோது மாமி நெஞ்சில் கை வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பூனை மாமி வீட்டுக்குப் போகவே இல்லை.

நானும் ஒன்றைத் தின்றேன். சித்தி கையில் வைத்துவிட்டாள், வேண்டாம் என்று சொல்வதற்குள் வாய்க்குள் போய்விட்டது. பல்லுக்கு வேலையே இல்லை. நாக்கில் வைத்ததும் கரைந்து தொண்டைக்குள் இறங்கியது. மீன் தின்றேன் என்று சொல்வதற்கு ஒரு முள்ளாவது வேண்டாமா? அன்று முழுவதும் எனக்கு ஒரே பயம். சித்தியின்மேல் பிரியம் வருகிறதா என்று என் மனசை அடிக்கடி சோதித்துப் பார்த்தேன். அவள் சிரித்தால் அழகாக இருந்தது. நேற்றும் அப்படித்தான் இருந்ததா, இன்றுதான் அப்படித் தெரிகிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மத்தியானம் சித்தி ஒரு தட்டில் இரண்டை வைத்து, பாட்டாவின் நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். பாட்டா தட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இதுல முள்ளு உண்டா பிள்ளே?"

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இல்ல மாமா."

"பாலு?"

"உண்டு."

பாட்டா கண்ணை மூடினார். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் செய்கிற ஜெபம் சோறு ஆறும்வரை நீளும். அன்று சட்டென்று முடிந்தது. ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தார். கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து விழுங்கினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மீதியையும் தின்றார். தட்டு காலியானது.

சித்தி வந்து ஒரு வருஷத்துக்கும் மேலாகியிருந்தது. அவள் கையால் பாட்டா தின்றது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கிணற்றில் பால் இறங்கியது. கொஞ்ச நாளில் புதன்கிழமையும் சேர்ந்துகொண்டது. மாமி சொன்ன அடையாளங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. அம்மா பரிமாறினால் பாட்டா 'வயிறு சரியில்லை' என்றார். சித்தி வந்தால் சாப்பிட்டார். காலையில் எழுந்ததும் 'அந்தப் பிள்ளை எங்க?' என்று கேட்டார். இருவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் போனால் பேச்சு நின்றுவிடும். அப்பா அட்லஸைத் திறந்து நார்வேயை மாமிக்குக் காட்டினார், தப்பபிப்பிராயம் போகட்டும் என்றுதான். மாமி விரலை வைத்துக் குன்னத்துகாலிலிருந்து அதுவரை அளந்து பார்த்துவிட்டு இன்னும் கலங்கிப்போனார்.

"இத்தற தூரத்துல உள்ள மருந்தா? நம்ம ஊரு வைத்தியனுக்கு இத எடுக்கத் தெரியுமா?"

சித்தப்பாவுக்கு எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. பாறசாலையில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தார். 'இனி ஒரு வார்த்தை என் காதுல விழட்டு, அவளைக் கூட்டிட்டுப் போயிருவேன்' என்று அப்பாவிடம் சொன்னார். போனால் அவர் திரும்பி வர மாட்டார் என்று அப்பாவுக்குத் தெரியும். எனக்கோ சித்தி போனால் போதும் என்றிருந்தது. அவள் போய்விட்டால் பாட்டாவின் கை மறுபடி என் தட்டுக்கு வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஆகஸ்டில் ஞாயிறு பள்ளி வசனப் போட்டிக்காக எங்களைக் காரக்கோணத்துக்குக் கூட்டிப்போனார்கள். அன்று காலையில் பாட்டா நெய்யாற்றின்கரையில் ஒரு பழைய சிநேகிதரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக் குடையோடு கிளம்பியிருந்தார். சித்தி அதற்கும் முன்னால் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பொழியூர் வண்டி பிடிக்கப் போயிருந்தாள். போட்டி முடிந்து வெளியே வந்தால், ஆஸ்பத்திரிக்கு எதிரே பேருந்து நிற்குமிடத்துப் பெஞ்சில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். பாட்டாவின் குடையைச் சித்தி பிடித்திருந்தாள். பாட்டா ஏதோ சொல்ல, அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு கையையும் கூப்பி அவரிடம் ஏதோ கேட்டாள். பாட்டா மாட்டேன் என்று தலையாட்டினார். நான் டீச்சரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இரண்டு பேரும் பொய் சொல்லிவிட்டு வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? சாயங்காலம் மாமியிடம் சொன்னேன். மாமி எழுந்துபோய் விளக்கை ஏற்றிவிட்டு வந்து, என்னை மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

ஓண விடுமுறையில் மாமி பனச்சமூட்டுக்குப் போய் வந்தார். அங்கே கைவிஷம் எடுக்கிற வைத்தியர் ஒருவர் உண்டு. மருந்தைக் குடித்தால் வயிற்றில் கிடக்கிற கைவிஷம் முழுக்க வாந்தியில் வந்துவிடுமாம். சபைக்காரர்கள் அங்கே போகக்கூடாது. மாமி முக்காட்டைப் போட்டுக்கொண்டு போனார். அவர் செய்தது தவறு என்று இப்போது நான் சொல்லலாம், ஆனால் அவர் தன் அப்பாவின்மேல் வைத்திருந்த பாசத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை.

அன்று சாயங்காலம் எல்லோரும் வீட்டில் இருந்தோம். மாமி ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வந்தார். கறுப்பான கஷாயத்தை டம்ளரில் ஊற்றிப் பாட்டாவின் கையில் கொடுத்தார். எதையும் மறைக்கவில்லை.

"கைவிஷம் எடுக்குத மருந்தாக்கும் அப்பா. உள்ள ஒண்ணும் இல்லேன்னா ஒண்ணும் வராது. எனக்க சமாதானத்துக்குக் குடியுங்க. வாந்தி எடுத்தா எல்லாம் போயிரும்."

பாட்டா டம்ளரைப் பார்த்தார். அவர் குடிப்பாரா மாட்டாரா என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் அடுக்களையிலிருந்து சித்தி ஓடி வந்தாள். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"வேண்டாம் மாமா! குடிக்கண்டாம்!"

டம்ளரைப் பிடுங்கி முற்றத்தில் கொட்டினாள். தூக்குப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டுபோய் வாழை மூட்டில் கவிழ்த்தாள்.

"பாத்தியளா?" மாமி அழுதுகொண்டே எல்லோரையும் பார்த்தார். "ஒண்ணும் தரல்லேன்னா எதுக்குப் பயப்படுதா? எல்லாரும் பாத்தியளா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். முதல் தடவையாக அவர் முகத்திலும் சந்தேகம் இருந்தது. சித்தப்பா அறைக்குள் போனார். இரும்புப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. சித்தி முற்றத்தில் நின்று பாட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லட்டுமா என்று கேட்பதுபோல் அவள் வாய் லேசாகத் திறந்தது. பாட்டா மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அதை நான் பார்த்தேன்.

பிறகு பாட்டா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றார். குரல் கரகரத்தது.

"எட்டி, அழாத. நீ சொன்னது உள்ளதாக்கும். இவ எனக்குக் கைவிஷம் தந்துட்டா."

மாமியின் அழுகை நின்றுவிட்டது.

"நான் அறிஞ்சுதான் தின்னேன். எனக்கு மீன் வேணும்னு இருந்து. இனி எந்த வைத்தியன் வந்தாலும் இது போவாது. சாவுதது வரைக்கும் இவ கையாலதான் தின்னுவேன்." பிறகு அறைப் பக்கம் திரும்பி, "எலே, பெட்டிய அங்க வை. இவ எங்கயும் போவல்ல" என்றார்.

சித்தப்பா பெட்டியை வைத்தார். வாழ்நாள் முழுவதும் கைவிஷத்தைப் பொய் என்று பிரசங்கித்த வாய் அது. அப்பா அதைக் கோபத்தில் சொன்ன குத்தல் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். மாமி ஒப்புதல் வாக்குமூலம் என்று எடுத்துக்கொண்டு, தலையில் முந்தானையைப் போட்டபடி வீட்டுக்குப் போனார். சித்தி வாழைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். எனக்கு அவள்மேல் அன்று வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு காந்துகிறது. என் பாட்டா தன் வாயாலேயே தோற்றுப்போனதாகச் சொல்லிவிட்டாரே.

வீட்டிலிருந்த அத்தனை சந்தேகக்காரர்களும் சித்தியை ஆராய்ந்தோம், மீனை ஆராய்ந்தோம், பாலையும் ஜாதிக்காயையும் ஆராய்ந்தோம். பாட்டாவை ஆராய யாருக்கும் தோன்றவில்லை. தொண்டையில் முள் குத்தியதென்னவோ நிஜம். ஆனால் ஆறாமல் இருந்தது முள் குத்தின இடம் இல்லை, அங்கே வளர்ந்துகொண்டிருந்த புற்று. சித்தியின் அப்பாவுக்கும் அதே இடத்தில் அதே நோய் வந்திருந்தது. கடைசி மாதங்களில் அவர் விழுங்கியது மகள் செய்துகொடுத்த இந்த மீன் ஒன்றைத்தான். அதனால் பாட்டா கழுத்தைச் சாய்த்துத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்த அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள்தான் கெஞ்சிக் காரக்கோணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகு, பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டில் சொல்லிவிடலாம் என்று கைகூப்பினாள். பாட்டா அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மாமியின் கஷாயத்தை அவள் கொட்டியதும், வாந்தி எடுத்தால் அந்தத் தொண்டை தாங்காது என்றுதான். எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று பாடியவர் அல்லவா? கட்டிலில் கிடக்கிறவன் முகத்தை அந்தப் பாட்டு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் வரைக்குமாவது தன்னை யாரும் அப்படிப் பார்க்கக்கூடாது என்று அவருக்கு இருந்தது. அதற்காகத் தான் திட்டிய கைவிஷத்தையே தன் பெயரில் எழுதிக்கொண்டார், சித்தியும் அதைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டாள். இதெல்லாம் பிறகு, பாட்டா போன பிறகு தெரியவந்தது. மாமி அப்போது சித்தியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூனையைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

ஆனால் அந்தக் கார்த்திகை, மார்கழியில் எனக்கு இதில் ஒன்றுமே தெரியாது. நான் என் பாட்டுக்கு அடுக்களை ஜன்னலில் காவல் இருந்தேன். விழுதின் பதம் மாறிவருவதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். ஓணத்தின்போது உள்ளங்கையில் தட்டினால் நிற்கிற பதம். கார்த்திகையில் கரண்டியிலிருந்து வழுக்கி விழுந்தது. சித்தி ஒவ்வொரு முறையும் பாலைக் கூட்டிக்கொண்டே போனாள், மீனைக் குறைத்துக்கொண்டே போனாள். தோசைக்கல்லை எடுத்துவிட்டு, இட்லித் தட்டில் ஊற்றி ஆவியில் வேகவைத்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அதையும் வெந்நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டினாள். டம்ளரில் இருந்தது ஏறக்குறைய வெறும் பால். பாட்டா அதை ஒரு ஸ்பூன், ஒரு ஸ்பூனாக, அரை மணிக்கூர் எடுத்துக் குடித்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மருந்து இளகிவிட்டது, விஷம் தானாகவே இறங்குகிறது, இனி பாட்டா அவள் பிடியில் இல்லை. விளைகளுக்கு நடுவே இருந்த வேலியைத் தாண்டி ஓடினேன். மாமி முற்றத்தில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு மூங்கில் சீவிக்கொண்டிருந்தார்.

"மாமி, தண்ணி போல ஆயாச்சு! எல்லாம் தீந்துட்டு வருது!" மூச்சிரைக்கச் சொன்னேன். "இனி கொஞ்ச நாளுதான் மாமி. பாட்டா நமக்குத் திரும்பக் கிடைச்சிருவாரு."